கரப்பானுக்குக் கத்திரிக்காய் மேல் பழி போடாதீர்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கைக்குழந்தைகளின் கரப்பான், அதாவது எக்சிமா, பற்றியவை. அதனால் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: ஐந்து மாதக் குழந்தைக்குக் கன்னமெல்லாம் சிவந்து, செதில் செதிலாக உரிகிறது. நான் கத்திரிக்காயும் கருவாடும் சாப்பிட்டதுதான் காரணம் என்கிறார் மாமியார். ஒரு மாதமாக ரசம் சாதம் மட்டும் சாப்பிடுகிறேன். இன்னும் எத்தனை நாள் பத்தியம்?
*— ஒரு தாய், திண்டுக்கல்*

பதில்: இன்றோடு சரி. பால் கொடுக்கிற உடம்புக்குப் பருப்பு, முட்டை, மீன், காய் எல்லாம் வேண்டும். கத்திரிக்காயும் சேர்த்துத்தான்.

காரணம் குழந்தையின் தோலிலேயே இருக்கிறது. மேல்தோலைக் கட்டுக்கோப்பாக வைத்திருக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதம் சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே குறைவு. இதற்கான மரபணுக் கோளாறுக்கும் எக்சிமாவுக்கும் உள்ள தொடர்பு 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூலம் தெரியவந்தது. அப்படிப்பட்ட தோலில் மண்பானை மாதிரி ஈரம் வெளியே கசிந்துகொண்டே இருக்கும். சோப்பும் தூசியும் கிருமியும் எளிதாக உள்ளே போகும். தோல் வறளும், அரிக்கும், சொறிந்தால் புண்ணாகும், புண்ணானது இன்னும் அரிக்கும். அப்பா, அம்மா யாருக்காவது ஆஸ்துமாவோ ஓயாத தும்மலோ இருந்தால் குழந்தைக்கு இது வர வாய்ப்பு அதிகம். இதில் உங்கள் சாப்பாட்டுத் தட்டின் மேல் குற்றமில்லை, உங்கள் மேலும் இல்லை. மாமியாருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். பேரப்பிள்ளை மேல் உள்ள பாசத்தில்தானே சொல்கிறார், புரிந்துகொள்வார்.

கேள்வி: இது கரப்பானா, வேர்க்குருவா, சிரங்கா? எப்படிக் கண்டுபிடிப்பது?
*— வாசகர், சேலம்*

பதில்: இடத்தைப் பாருங்கள். கைக்குழந்தைக்குக் கரப்பான் கன்னத்திலும் தலையிலும் கைகால்களின் வெளிப்பக்கத்திலும் வரும். டயப்பர் கட்டும் இடம் பெரும்பாலும் தப்பிவிடும். நடக்கிற வயதில் முழங்கை மடிப்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் இடம் மாறும். வேர்க்குரு பொடிப்பொடியாகக் கழுத்திலும் முதுகிலும் வந்து, காற்றாட விட்டால் சில நாளில் அடங்கும். உள்ளங்கை, உள்ளங்கால், அக்குளில் பொரி இருந்து, வீட்டில் இன்னொருவரும் ராத்திரியில் சொறிந்தால் சிரங்கைச் சந்தேகப்படுங்கள். டாக்டரிடம் குழந்தையைக் காட்டும்போது உங்கள் அரிப்பையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: பாட்டி சுடச்சுட வெந்நீர் ஊற்றி, கடலை மாவு தேய்த்து, சாம்பிராணி காட்டுகிறார். டாக்டரோ தினமும் குளிப்பாட்டச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
*— வாசகி, தஞ்சாவூர்*

பதில்: குளிப்பாட்டும் கை பாட்டியுடையதாகவே இருக்கட்டும், முறையை மட்டும் மாற்றுங்கள். தண்ணீரில் உங்கள் முழங்கையை நனைத்துப் பாருங்கள். சூடு உறைக்கவே கூடாது, வெதுவெதுப்பு போதும். ஐந்து முதல் பத்து நிமிடத்தில் குளியல் முடிந்துவிட வேண்டும்.

மாவு வேண்டாம். அது தோலை உரசிப் புண்ணாக்குகிறது. அதோடு, உடைந்த தோல் வழியாக உள்ளே போகும் உணவுப் புரதம் பின்னாளில் அந்த உணவுக்கே அலர்ஜி வரக் காரணமாகலாம். பச்சைப் பால், தயிர் பூசுவதற்கும் இதே பதில்தான். சாதாரண சோப்பின் காரம் இந்தத் தோலுக்கு ஆகாது. நுரையும் வாசனையும் இல்லாத மென்மையான கிளென்சரை அழுக்கான இடத்தில் மட்டும் போட்டால் போதும். சாம்பிராணிப் புகை குழந்தையின் மூச்சுக்குழாயை உறுத்தும், அதையும் விட்டுவிடுங்கள்.

குளிப்பாட்டியதும் செய்வதில்தான் பலன் இருக்கிறது. துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தோல் இன்னும் ஈரமாக இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள், உடம்பு முழுக்க மாய்ஸ்சரைசர் பூசுங்கள். ரோமம் படியும் பக்கமாக, மேலிருந்து கீழே தடவுங்கள். தோல் பளபளவென்று தெரிய வேண்டும், அதுதான் அளவு.

கேள்வி: எந்த கிரீம் நல்லது? விலை உயர்ந்ததா? தேங்காய் எண்ணெய் போதாதா?
*— வாசகர், நாகர்கோவில்*

பதில்: பிரிட்டனில் 550 குழந்தைகளிடம் நடத்தி 2022இல் வெளியான ஆய்வில் லோஷன், கிரீம், ஜெல், ஆயின்ட்மென்ட் நான்கும் ஏறத்தாழ ஒரே பலனைத்தான் தந்தன. வாசனை சேர்க்காதது, குழந்தைக்கு எரியாதது, நீங்கள் தாராளமாக வாங்கக்கூடியது. இந்த மூன்றும் பொருந்தினால் அதுவே நல்ல கிரீம். வெறும் பெட்ரோலியம் ஜெல்லியும் நல்ல மருந்துதான். உச்சி வெயில் காலத்தில் அது வியர்வையை அடைத்தால் கிரீமுக்கு மாறுங்கள், மார்கழியில் திரும்பி வாருங்கள்.

நாம் தவறுவது அளவில். வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை எழுதிக்கொடுக்கச் சொல்கிறது பிரிட்டனின் நைஸ் (NICE) மருத்துவ வழிகாட்டி. நம் வீடுகளில் 50 கிராம் டியூப் மாதக்கணக்கில் வருகிறது!

தேங்காய் எண்ணெய்க்கும் சாட்சி உண்டு. பிலிப்பைன்ஸில் குழந்தைகளிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில் வர்ஜின் தேங்காய் எண்ணெய், மினரல் ஆயிலைவிட நன்றாக வேலை செய்தது. கற்பூரம் கலந்து காய்ச்சாதீர்கள், கைக்குழந்தைக்குக் கற்பூரம் ஆபத்து. ஆலிவ் எண்ணெயும் கடுகெண்ணெயும் இந்தத் தோலுக்கு வேண்டாம்.

கேள்வி: டாக்டர் எழுதியது ஸ்டீராய்டு ஆயின்ட்மென்ட் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பயந்து, பொட்டு அளவு வைத்துவிட்டு நிறுத்திவிட்டேன். புண் ஆறவில்லை.
*— ஒரு தாய், திருப்பூர்*

பதில்: உங்கள் பயம் புரிகிறது. ஆனால் பொட்டு அளவில் ஆறாது. சிவந்து தடித்த இடத்தில் வீக்கம் தணிய வேண்டும், அதை மாய்ஸ்சரைசர் மட்டும் செய்யாது. குழந்தையின் முகத்துக்குப் பொதுவாகக் கொடுப்பது 1 சதவீத ஹைட்ரோகார்டிசோன் போன்ற மிக மென்மையான மருந்துதான். டாக்டர் சொன்ன நாட்களுக்கு, சொன்ன இடத்தில் பூசினால் தோல் மெலியும் என்ற அச்சம் வேண்டாம்.

அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. உங்கள் ஆள்காட்டி விரலின் முதல் ரேகையிலிருந்து நுனி வரை டியூபைப் பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது சரியாக இருக்கும். ஆறு மாதக் குழந்தையின் ஒரு கை முழுவதும் கரப்பான் என்றால் அதற்கு அந்த ஒரு அளவு.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. சீட்டு இல்லாமல் கடையில் கேட்டு வாங்கும், வீரியமான ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்த கிரீமுக்கு. பூசியதும் மாயமாக மறையும், விட்டதும் முன்னைவிட மோசமாகத் திரும்பும். தோலையும் கெடுக்கும். குழந்தை உடம்பில் அது படவே கூடாது.

கேள்வி: கரப்பான் உள்ள குழந்தைக்கு முட்டை, வேர்க்கடலையை இரண்டு வயது வரை தள்ளிப்போடலாமா?
*— வாசகி, கோவை*

பதில்: தள்ளிப்போடுவதுதான் தப்பு. லண்டனில் கிடியன் லேக் குழுவினர் கடுமையான எக்சிமாவோ முட்டை அலர்ஜியோ உள்ள 640 குழந்தைகளைக் கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், சிறு வயதிலேயே வேர்க்கடலை சாப்பிட்டு வந்தவர்களுக்கு 5 வயதில் அந்த அலர்ஜி மிகக் குறைவாக இருந்தது. கரப்பான் கடுமையாக இருந்தால் ஆரம்பிக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள். முழுக்கடலை தொண்டையில் சிக்கும், நைசாக அரைத்துக் கூழில் கலந்து கொடுங்கள். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பு தடித்தாலோ வாந்தி எடுத்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். உதடு வீங்கினாலோ மூச்சு திணறினாலோ உடனே அவசர சிகிச்சைக்கு.

கேள்வி: ராத்திரி முழுக்கச் சொறிகிறாள். சளி சிரப் கொடுத்தால் தூங்குகிறாள். கொடுக்கலாமா?
*— ஒரு தந்தை, சென்னை*

பதில்: கொடுக்காதீர்கள். அது தூக்கத்தைத்தான் தருகிறது, அரிப்பை நிறுத்துவதில்லை. நகத்தை ஒட்ட வெட்டுங்கள், படுக்கும் முன் இன்னொரு தடவை மாய்ஸ்சரைசர், பருத்தி உடுப்பு, வியர்க்காத அறை, கட்டாயம் கொசுவலை. இடுப்புக் கயிறு உரசும் இடத்தில் சிவந்திருந்தால் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: கரப்பான் மேலேயே திடீரென்று நீர்க்கொப்புளங்கள், காய்ச்சல். அக்கி எழுதினால் சரியாகும் என்கிறார்கள்.
*— வாசகர், விழுப்புரம்*

பதில்: இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கரப்பான் தோலில் ஹெர்ப்பிஸ் வைரஸ் பரவியிருக்கலாம், அது கண்ணையும் பாதிக்கும். உடனே வைரஸ் மருந்து கொடுக்க வேண்டும், காவிக்கல் பூசுவதில் ஒரு நாள் கூடப் போகக் கூடாது. மற்றவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்: உதட்டில் கொப்புளம் உள்ள யாரும், பெற்ற தாயே ஆனாலும், அது ஆறும் வரை குழந்தையை முத்தமிடக் கூடாது. தேன் நிறத்தில் பொருக்குத் தட்டினால் அது பாக்டீரியா தொற்று, அதற்கும் டாக்டர்தான்.

கேள்வி: கரப்பான் இருக்கும்போது தடுப்பூசி போடலாமா? இது வாழ்நாள் முழுக்க இருக்குமா?
*— வாசகி, புதுச்சேரி*

பதில்: போடலாம், தேதியைத் தள்ளாதீர்கள். புண் இல்லாத இடமாகப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போகும் வயதுக்குள் நன்றாகக் குறைந்துவிடும். அதுவரை குளியலறையிலும் தொட்டில் பக்கத்திலும் பாட்டி வீட்டிலும் ஒவ்வொரு டப்பா மாய்ஸ்சரைசர் இருக்கட்டும்.