ரேகை விழலை

அந்தக் காலத்தில் என் பெருவிரலுக்கு இருந்த மரியாதையே தனி. சனிக்கிழமை சம்பளம். தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளை விரலைப் பிடித்து மையில் அழுத்தி நோட்டில் உருட்டுவார், வரிவரியாக விழும். இருட்டோடு வேனில் வந்து கட்டை அடுக்கும் பிள்ளைக்கு அதற்கு மேல் என்ன அடையாளம் வேண்டும்?

பிறகு பட்டாசு ஆபீஸ். அலுமினியப் பவுடர் கையில் ஏறினால் சோப்புக்கு அசையாது. ஆனாலும் மேல்தோல் மாதத்துக்கொரு தரம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வயது. சிராய்ப்பெல்லாம் ஒரு வாரத்தில் இடம் தெரியாமல் ஆறிவிடும்.

1990-களில் அறிவொளி இயக்கம் வந்தது. கைநாட்டு கேவலம் என்று ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து கையெழுத்துப் பழகினேன். இனி எவனிடமும் விரலை நீட்ட வேண்டியதில்லை என்று ஒரே பெருமை.

2020-இல் ரேஷன் கடைக்கு ரேகை மிஷின் வந்தது. கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். செல்லாதாம், விரல்தான் வேண்டுமாம். நீட்டினேன்.

"பாட்டி, ரேகை விழலை. தொடைச்சிட்டு வைங்க."

சேலையில் துடைத்தேன், தலையில் தேய்த்தேன், பத்து விரலையும் வைத்தேன். நான் நானில்லை என்றே மிஷின் சாதித்தது.

தோல் டாக்டர் விளக்கினார். வயதாக ஆக, புது செல் பிறப்பது மந்தமாகிறது. தோலுக்கு வலுக்கொடுக்கும் கொலாஜன் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் குறைகிறது. மேல்தோலும் அடித்தோலும் கோத்திருக்கும் மேடுபள்ளம் தட்டையாகிறது; ஈரப்பசை வற்றி ரேகையும் தணிகிறது. மிச்சத்தைக் குச்சியும் பசையும் தேய்த்திருக்கும் என்றார்.

மிஷினில் விழாததெல்லாம் கையில் விழுகிறது. கதவுநிலை உரசினாலே முன்கையில் நாவல்பழக் கறை. ரத்தக்குழாய்களைத் தாங்கிய கொலாஜன் கரைந்துபோனதால் லேசாக இடித்தாலும் கசிகிறதாம். ஓரிரு வாரம் நின்று, பழுப்புத் தடம் விட்டுப் போகும். ரத்தத்திலிருந்த இரும்பு அது. சேலை மூடிய இடத்தில் வராது, வெயில் தின்ற இடத்தில்தான் வரும். மழை குறைந்த ஊர் என்பதால்தான் இங்கே தீப்பெட்டியும் வெடியும் தழைத்தன. வெடி காயவைத்த அதே வெயில் என் கையையும் காயவைத்திருக்கிறது. அதற்குக் கூலி மட்டும் எந்த நோட்டிலும் ஏறவில்லை.

விரல் கைவிட்டவர்களுக்கு இப்போது கருவிழி மிஷின். கண்ணை அகல விரித்து முறைத்தால் அரிசி. வருகிற மாசியில் எனக்குக் கண்புரை ஆபரேசன் என்பதை அந்தத் தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை.