வாவிக்கரைக் கேள்விகள்

கே: இலவச வைத்தியம் என்கிறார்கள். அப்படியென்றால் மருந்தை வெளியில் வாங்கச் சொல்லி ஏன் துண்டு எழுதித் தருகிறார்கள்?
— வாசகர், கொக்கட்டிச்சோலை

ப: 1951இல் ஒழிந்தது கட்டணம், செலவு ஒழியவில்லையே! துண்டு தந்த டொக்டரைக் கோபிக்காதீர்கள், அவருக்கும் மருந்து கொழும்பிலிருந்து வந்தால்தான் உண்டு. 2022இல் நாட்டில் டொலர் முடிந்தபோது மருந்தும் முடிந்தது. கூலிக்கு வேளாண்மை வெட்டுகிறவர் மண்முனைப் பாலம் தாண்டி வந்து, பாமசி வாசலில் விலை கேட்டுவிட்டு, "ரெண்டு நாளைக்கு மட்டும் தாங்க தம்பி" என்கிறார். ஏழு நாள் மருந்து அது.

கே: எங்கள் ஆஸ்பத்திரிக்குக் காசு தரவேண்டியது கொழும்பா, திருகோணமலையா?
— வாசகி, வவுணதீவு

ப: எந்தக் கட்டிலில் படுத்திருக்கிறீர்கள்? புளியந்தீவுப் போதனா வைத்தியசாலை என்றால் கொழும்பு. ஊரிலுள்ள பிரதேச வைத்தியசாலை என்றால் திருகோணமலையிலுள்ள மாகாண நிருவாகம். அங்கே இருப்பதும் பெரும்பாலும் கொழும்புக் காசுதான்.

யார் தந்தாலும், எதைப் பார்த்துப் பங்கிடுகிறார்கள் என்பதுதான் கேள்வி. ஏழை நோயாளரை அதிகம் பார்க்கும் ஆஸ்பத்திரிகளைக் கொடுப்பனவில் தனியாகக் கவனிக்க வேண்டும் என்று அமெரிக்கா 1981இலேயே சட்டம் போட்டது. இங்கே கட்டிலை எண்ணிக் காசு பங்கிடுகிறவர்கள், வாவிக்கு மேற்கேயுள்ள நம் படுவான்கரையின் வறுமையையும் சேர்த்து எண்ணட்டும். வருகிற பட்ஜெட்டிலேயே எண்ணட்டும்.