கெட்டில் இன்ஸ்பெக்டர்

எங்கள் அடுக்ககத்தில் தண்ணீருக்கு சாஃப்ட்னர் வைத்த பிறகு என்னைத் தவிர எல்லோரும் நிம்மதியாகிவிட்டார்கள். முடி கொட்டுவது நின்றுவிட்டதாக மேல்வீட்டுக்காரர் சொல்கிறார். (கொட்ட எதுவும் மிச்சமில்லாத எனக்கு அந்தப் பலன் இல்லை.) போர் தண்ணீரில் எத்தனை விசில் வந்தாலும் விறைத்துக்கொண்டு நின்ற துவரம்பருப்பு இப்போது வெண்ணெயாய்க் குழைகிறது என்று என் மனைவி முதல் நாளே சான்றிதழ் கொடுத்துவிட்டாள். அவளுக்குப் பருப்பு அளவுகோல் என்றால் எனக்குக் கெட்டில். அதன் அடியில் இன்னமும் வெள்ளை பூக்கிறது. பங்குத்தொகை கட்டிய குடும்பத்தலைவன் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாமா?

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்க, பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கினேன். குழாய், வாளி, அக்வேரியம் என்று எல்லாவற்றிலும் முக்கினேன். ரசத்தை நோக்கிப் போனபோதுதான் மனைவி கரண்டியைத் தூக்கினாள். போர் தண்ணீர் 810 காட்டியது. சாஃப்ட்னர் வழியாக வந்தது 830! குடிநீருக்கு 500 வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை போகலாம் என்கிறது இந்தியக் குடிநீர்த் தரநிர்ணயமான ஐ.எஸ். 10500. அந்த ‘வேறு வழியில்லாவிட்டால்’ சென்னைக்காகவே எழுதியது போலிருக்கிறது. செக்ரட்டரியிடம் போய், “காசு கொடுத்து உப்பா சார் வாங்கறோம்?” என்று உறுமினேன். “ஆமா சார், மாசாமாசம் மூட்டை மூட்டையா” என்று அவர் பில்லை எடுத்து நீட்டினார்.

சர்வீஸ் பையன் வந்தான். சின்னக் கண்ணாடிக் குப்பியில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து மருந்து விட்டான். கடினத் தண்ணீர் என்றால் ஒயின் சிவப்பாகுமாம். எங்கள் தண்ணீர் பேனா மை போல நீலமாக நின்றது. “பாஸ் சார்” என்றான். நான் தயாரித்து வைத்திருந்த கண்டன உரை தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அவன் சொன்னது இதுதான்: சாஃப்ட்னர் தண்ணீரிலிருக்கும் உப்பை எடுக்காது, மாற்றும். உள்ளேயிருக்கும் ரெசின் ஒரு கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு சோடியத்தை விடும். எடைக்கணக்கில் 40 மில்லிகிராம் கால்சியம் போனால் 46 மில்லிகிராம் சோடியம் வரும். சோடியம் தீர்ந்துபோன ரெசினுக்கு மறுபடி சோடியம் ஊட்டத்தான் அந்த மூட்டைகள். மீட்டருக்கு ஆள் முக்கியமில்லை, மொத்தக் கணக்குதான். அது எப்படி இறங்கும்?

“அப்ப இந்த வெள்ளை?” என்று கெட்டிலைத் திறந்து காட்டினேன். அவன் விரலால் ஒரு தடவு தடவினான். விபூதி மாதிரி வந்துவிட்டது. பழைய காரை அப்படி வராது. கடினத் தண்ணீர் கொதிக்கும்போது கால்சியம் சுண்ணாம்புக்கல்லாகி அடியைக் கவ்விக்கொள்ளும். எலுமிச்சை மூடியை வைத்துத் தேய்த்தால்தான் விடும். இது சோடியம் உப்பு, முக்கால்வாசி சோடா. தண்ணீர் பட்டதும் கரைந்துவிடும், காய்ந்தால் மட்டுமே முகம் காட்டும். “எலுமிச்சை விட்டேனே, நுரைத்ததே!” என்றேன். “சோடாவும் நுரைக்கும்பா” என்றாள் பத்தாவது படிக்கும் மகள், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே.

இந்த வெள்ளை இவ்வளவு சேர்வதற்குக் காரணம், கெட்டிலில் மிஞ்சும் அரை டம்ளர் தண்ணீரைக் கொட்ட எனக்கு மனசு வராது. அதன் மேலேயே பிடித்துக் கொதிக்கவைப்பேன். ஆவி போகும், உப்பு தங்கும், நாளுக்கு நாள் தண்ணீர் கெட்டியாகும். ஆனால் 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, லாரிக்குக் குடத்தோடு ஓடியவனிடம் தண்ணீரைக் கொட்டச் சொல்வது நியாயமா? ஆர்.ஓ. தண்ணீரில் டீ போட்டால் இந்தத் தொல்லையே இல்லைதான். அது வடிகட்டும்போது குழாய் வழியே வெளியேறும் தண்ணீரைப் பார்த்தாலே எனக்கு ரத்தக்கொதிப்பு.

இப்போது ராத்திரி கெட்டிலைக் கவிழ்த்துத் துடைத்து வைப்பது என் உத்தியோகம். மிச்சத் தண்ணீரைத் துளசிக்கு ஊற்றப் போனேன்; சோடியம் செடிக்கு ஆகாது என்று மகள் சொம்பைப் பிடுங்கிக்கொண்டாள். தரை துடைக்கும் வாளிக்குப் போகிறது. கெட்டில் பளிச்சென்று இருப்பதால் காலையில் எனக்கு வேலையில்லாமல் போய்விட்டது. கீசர் உள்ளே எப்படி இருக்கும் என்று நேற்று சாப்பிடும்போது பொதுவாகத்தான் கேட்டேன். கை கழுவி வருவதற்குள் ஸ்க்ரூடிரைவரைக் காணோம்.