பத்தாண்டில் பெருகிய பிள்ளைகள்: ஒரு பாராட்டுக் கடிதம்

பெறுநர்: இந்தியத் தலைமைப் பதிவாளர் மற்றும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர், புதுடெல்லி.

பொருள்: சரக்கு தானாகப் பெருகும் வித்தைக்குப் பாராட்டு தெரிவித்தல்.

ஐயா,

எங்கள் ஊர் மண்டியில் இன்று இறக்கிய தோத்தாபுரி மாங்காய் நாளைக்கே எடை குறையும். அழுகல் கழிவு போக மிச்சத்துக்குத்தான் காசு. பத்து வருஷம் போட்டுவைத்தும் சரக்கு கூடுகிற மண்டி உங்களுடையது ஒன்றுதான்.

2001 கணக்கில் 0 முதல் 4 வயது வரை 11.04 கோடிப் பிள்ளைகள். அவர்களே 2011இல் 10 முதல் 14 வயதுக்கு வந்தபோது 13.27 கோடி. நடுவில் இறந்துபோனவர்களைக் கழித்தால் தொகை இறங்கியிருக்க வேண்டும். ஏறியிருக்கிறது, சுமார் 2 கோடியே 20 லட்சம். ஏறக்குறைய இலங்கையின் மொத்த ஜனத்தொகை!

பிள்ளைகளைச் சின்ன வயதில் எண்ணாமல் விடும் இந்த வித்தையில் எங்களுக்கும் பங்குண்டு. கணக்கெடுக்க வந்த வாத்தியார் "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டால், பெரியவர் எத்தனை இலை போடுகிறோம் என்று பார்த்துச் சொல்வார். பால்குடிக்கு ஏது இலை? பிரசவத்துக்கு வந்த மகளின் குழந்தையைத் தாய்வீட்டில் "அது அவங்க வீட்டுப் பிள்ளை" என்பார்கள். புகுந்த வீட்டில் "அம்மா வீட்டுல இருக்கு" என்பார்கள். கொஞ்சம் வளர்ந்த பேரனுக்கு வயது கேட்டால் பாட்டி, "அஞ்சு நடக்குது சார்" என்பாள். படிவம் கேட்பது முடிந்த வயதை. நாலு வயதுப் பிள்ளை ஐந்தாக ஏறி, அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவான்.

எண்ணியது சரியா என்று பார்க்க, சில இடங்களில் மறுபடி எண்ணிப் பார்க்கிறீர்கள். 2001இலும் ஆயிரத்துக்கு 23 பேர் விடுபாடு, 2011இலும் 23. இந்த நிலைத்தன்மை நம் ரூபாய்க்குக்கூட வாய்க்கவில்லை. ஆனால் அது எல்லா வயதுக்குமான சராசரி. தாத்தாவின் முதுகுக்குப் பின்னால் பேரன் ஒளிந்துகொள்கிறான்.

ஒளிந்தவர்களைக் கண்டுபிடிக்க வழி இல்லாமல் இல்லை. இரண்டு பட்டியல்களை ஒப்பிட்டு, இரண்டிலும் விட்டுப்போனவர்களை மதிப்பிடும் முறையை 1949இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங்குடன் சேர்ந்து எழுதியவர் நம் நாட்டு சந்திரசேகரன்தான். ஆதாரம் வங்காளத்துச் சிங்கூரின் பதிவேடுகள். அமெரிக்கா பிறப்பு இறப்புப் பதிவுகளை வைத்துப் பார்த்து, 2020 கணக்கில் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் விடுபட்டதாகத் தானே அறிவித்தது. வெட்கப்பட்டுச் செத்துவிடவில்லை.

கணக்கில் குழந்தைகள் குறைந்தால் ஒரு லாபமும் உண்டு. தடுப்பூசி நூற்றுக்கு நூற்றுப்பத்துப் பேருக்குப் போட்டதாகக்கூடக் கணக்கு வரும்!

அந்தப் பெருமை வேண்டாம் என்றால், 2027 மார்ச் 1 நள்ளிரவை வைத்து எடுக்கும் கணக்கிலாவது இவற்றைச் செய்யுங்கள். "கைக்குழந்தை உண்டா?" என்று தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். வயதைக் கேட்காமல் பிறந்த தேதியைக் கேட்கச் சொல்லுங்கள். அங்கன்வாடிப் பதிவேட்டை வாங்கி ஒத்துப்பாருங்கள். கடைசியாக, ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் எத்தனை பேரை விட்டீர்கள் என்பதை மாநில வாரியாகத் தனி எண்ணாக வெளியிடுங்கள். அது எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
மாங்காய் மண்டிக் கணக்குப்பிள்ளை,
பங்காருபாளையம், சித்தூர் மாவட்டம்.