அப்பன் இல்லாத குறைக்கு மாசத் தவணை

இருபதாம் தேதி வந்தா துட்டு எங்க போச்சுன்னே தெரியலன்னு பொலம்பறியே கண்ணு, எனக்குத் தெரியும். ராஜகுளத்துல பாதி சனத்துக்குத் தெரியும். தெரியாதது உனக்கு மட்டுந்தான். நீ கேக்கலன்னாலும் சொல்லிட்டுத்தான் போவேன். கெழவி வாய்க்கு இன்னும் ஜிஎஸ்டி போடல.

செய்யாறு சிப்காட்டு ஷூ கம்பெனியில நாள் பூரா நின்னு, கால் வீங்கி, மாசம் 12,000 வாங்கியாறே. வேன் விடியறதுக்கு முந்தி வருது. நீ வூடு திரும்பறப்ப தெரு வௌக்கு போட்டுடறாங்க. வெத்தல பாக்கு கெடையாது, சினிமா கெடையாது, ஒரு நல்ல பொடவ கெடையாது. அப்ப துட்ட யாருதான் தின்னது?

போன மாசம் பொண்ணுக்கு ஒம்போது முடிஞ்சு பத்து பொறந்துச்சு. பேக்கரியில ஒரு கிலோ கேக்கு, அது மேல ஒரு பொம்மை. மூஞ்சில பீச்சி அடிக்க நுரை டப்பா மூணு. தெருமுனையில ஆளு ஒசரத்துக்கு ஃப்ளெக்ஸு. நடுவுல பொண்ணு, ரெண்டு பக்கமும் நடிகருங்க, கீழ உங்க அண்ணன் மீசைய முறுக்கிக்கினு கும்புடறான். அவன் அதுக்கு ஒத்த ரூவா குடுத்தானான்னு கேட்டேன், நீ ஆட்டுக்குட்டியப் பாக்குற மாதிரி திரும்பிக்கினே. எதுக்குடி இத்தினின்னு கேட்டா, "அப்பன் இல்லாத புள்ளன்னு யாரும் சொல்லிடக் கூடாது ஆயா"ங்கறே.

தோ, திருடன் மாட்டிக்கினான் பாத்தியா.

உன் நோட்டுல அரிசி, பருப்பு, பாலு, கேஸுன்னு வரிசையா எழுதறே. "அப்பன் இல்லாத குறை"ன்னு ஒரு வரி எழுதிப் பாரு. கேக்கு அதுல வரும். பையனுக்குத் தவணையில எடுத்த டச் போனு அதுல வரும். ரேசன் அரிசி வாட அடிக்குதுன்னு கிலோ 60 ரூவாய்க்கு வாங்கற பொன்னி அதுல வரும். வேன்ல ஏத்தி அனுப்பற இங்கிலீஷு ஸ்கூலு அதுல வரும். கூட்டிப் பாரு, அரிசி பருப்ப விட அதுதான் பெருசா நிக்கும். ஓடிப் போனவன் வூட்ல இருந்த காலத்துல கூட இவ்ளோ செலவு வெக்கல, குவாட்டரோட நின்னுக்கினான். இல்லாத அப்பனுக்குத்தான் தீனி அதிகம்.

ஸ்கூல மாத்துன்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னா ஒரு வாரம் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டே. கணக்க மட்டும் சொல்றேன், கேட்டுக்க. சர்க்கார் தொடக்கப் பள்ளியில 2023 ஆகஸ்டுல இருந்து காலைல உப்புமா, பொங்கலு, கிச்சடின்னு சுடச்சுடப் போடறாங்க. மத்தியானம் சோறும் முட்டையும். புக்கு, பை, செருப்பு எல்லாம் சும்மா. ஆறாவதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் சர்க்கார் ஸ்கூல்ல படிச்ச பொண்ணு காலேஜுக்குப் போனா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூவா. பையனுக்கும் அதே மாதிரி தமிழ்ப் புதல்வன்னு 2024-ல கொண்டாந்துட்டாங்க. உன் பையன் ஏழாவதுலயும் வேன்லதான் போறான். நீ காசு குடுத்துப் படிக்க வெச்சு, வர்ற காசையும் வேணாம்னு சொல்றே. உன்னை மாதிரி பணக்காரிய நான் இந்தச் சுத்துப்பட்டுல பாத்ததே இல்ல.

பஸ்ஸு கதையும் அப்படித்தான். 2021-ல இருந்து டவுன் பஸ்ல நமக்கு டிக்கெட்டு கெடையாது. பொம்பளைங்களுக்கு அதால மாசம் 888 ரூவா மிச்சம்னு மாநிலத் திட்டக் குழுவே கணக்குப் போட்டுச் சொல்லுச்சு. எங்கம்மா அந்த 888? உத்திரமேரூர் சந்தைக்குச் சும்மா போயி, வர்றப்ப 300 ரூவாய்க்கு பிளாஸ்டிக் டப்பா வாங்கியாறே.

இப்ப தண்டலுக்கு வருவோம். ஜூன் மாசம் ஸ்கூல் பீசுக்கு 10,000 எடுத்தே இல்ல? கைக்கு வந்தது 8,500. பாக்கி 1,500 தண்டல்காரன் அப்பவே புடிச்சுக்கினான். தெனம் 100 ரூவாயா நூறு நாளு. மஞ்ச அட்டை, அதுல நூறு கட்டம், மூலையில ஒரு சாமி படம். அந்தச் சாமிக்கும் கமிஷன் உண்டோ என்னமோ. சாயங்காலம் ஆறரைக்கு வண்டிய ஸ்டாண்டு கூடப் போடாம ஒரு கால ஊணிக்கினு ஹாரன் அடிப்பான். நீ வேன்ல இருந்து எறங்கி வர்றதுக்குள்ள உன் பையன் 100 ரூவாயும் அட்டையும் எடுத்துக்கினு ஓடுவான். தண்டல்காரன் ஒரு கட்டத்துல கோழி கிளறின மாதிரி ஒரு கிறுக்கு கிறுக்குவான், அதான் ரசீது. வட்டிப் பாடம் நடத்தறதுக்கு முந்தியே புள்ள வட்டி கட்டக் கத்துக்கினான். அவ்ளோ பீசு கட்டின ஸ்கூலு இத்தக் கூடச் சொல்லித் தரல பாரு.

1,500-தானேன்னு நெனக்கிறே. முழுப் பணமும் நூறு நாளா உன் கையில இருந்துச்சா? மறுநாளே திருப்ப ஆரம்பிச்சுட்டே. சராசரியாப் பாத்தா பாதிப் பணந்தான் உன்கிட்ட இருந்துச்சு. அதுக்கு நூறு நாள்ல 1,500. அத்த வருஷத்துக்கு ஓட்டிப் பாத்தா நூத்துக்கு நூறுக்கும் மேல போவுது வட்டி. தபாலாபீஸுல ஆர்.டி. போட்டா சர்க்காரு உனக்கு நூத்துக்கு 6.7 தருது. தண்டல் ஓடற வரைக்கும் மாசம் 3,000, உன் சம்பளத்துல கால் பங்கு, அந்த வண்டியில ஏறிப் போவுது.

அவசரத்துக்கு எங்க போறதுன்னு கேப்பே. மகளிர் சுய உதவிக் குழுவுக்குப் போ. 1989-ல தருமபுரியில ஆரம்பிச்சு இன்னிக்கி எல்லா ஊர்லயும் இருக்குது. ஆனா ஒண்ணு, வாராவாரம் வசூலுக்கு வர்ற கம்பெனிக்காரனும் "குழு"ன்னுதான் சொல்லுவான். நம்ம குழுன்னா நாம சேத்த பணத்த நாமளே கடனா எடுக்கறது, அப்புறம் பேங்குல வாங்கறது. அவன் குழுன்னா, அவன் குடுத்த கடனுக்குப் பக்கத்து வூட்டுக்காரிய ஜாமீனாக் கட்டி வெக்கறது. ஒருத்தி கட்டலன்னா பத்துப் பேரு அவ வாசல்ல உக்காந்துக்கினு இருப்பாங்க. மெரட்டி வசூல் பண்ணக் கூடாதுன்னு 2025-ல சட்டமே போட்டாச்சு. அந்தச் சட்டம் இந்தத் தெருவுக்கு இன்னும் நடந்து வந்துக்கினு இருக்குது.

உங்க அண்ணன் விஷயத்த விட்டுட்டேன்னு நெனச்சியா?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் செவுத்துல பராந்தகச் சோழன் காலத்து எழுத்து இருக்குது, 919-லயும் 921-லயும் வெட்டினது. பேரப் புள்ள படிச்சுச் சொன்னான். ஊர் வாரியத்துக்கு ஆளு எடுக்கக் குடத்துல ஓலையப் போட்டுக் குலுக்கி, ஒண்ணுந் தெரியாத சின்னப் பையன விட்டு எடுக்கச் சொன்ன கதையத்தான் மேடைக்கு மேடை பேசறாங்க. எனக்குப் புடிச்சது அது இல்ல. முன்னாடி வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாம போனவன் பேரு ஓலையில ஏறக் கூடாது. அவன் மட்டுமா? அவன் அப்பன், புள்ள, கூடப் பொறந்தவன், மாமனாரு, அக்கா தங்கச்சி புருஷன் ஒருத்தனும் நிக்க முடியாது. கணக்குக் காட்டாதவன் சொந்தத்தயே ஒதுக்கி வெச்ச ஊரு அது. நீ என்னடான்னா உன்கிட்ட 15,000 வாங்கிக்கினு போயி மூச்சு விடாதவன ஃப்ளெக்ஸுல போட்டுக் கும்புடு வாங்கறே. (அந்த ஓலையில நம்ம பேரு எப்பிடியும் ஏறாது. பொம்பளைன்னு ஒண்ணு, நெலம் இல்லன்னு ஒண்ணு. அது வேற கத, இன்னொரு நாளைக்கு.)

ஏன் அவனுக்குக் குடுத்தேன்னும் எனக்குத் தெரியும். நாளைக்குப் பொண்ணு பெரிய மனுசி ஆனா தாய்மாமன் தட்டு எடுத்தாந்து நிக்கணும். அப்பனும் இல்ல, மாமனும் இல்லன்னா சபையில தல குனிஞ்சுடும்னு பயம். அவன் கொண்டாரப் போற தட்டுக்கு நீ இப்பவே முன்பணம் கட்டறே. பாக்குறதுக்கு அவன் செஞ்ச சீரு, கணக்குல உன் காசு.

மகளிர் உரிமைத் தொகைய நம்ம காஞ்சிபுரத்துல வெச்சுத்தான் 2023 செப்டம்பர் 15-ல ஆரம்பிச்சாங்க. மாசம் 1,000 ரூவா. அது பேங்குல வுழுந்த மெசேஜு உனக்கு முந்தி உங்க அண்ணனுக்குத் தெரிஞ்சுடுது. அன்னிக்கிப் பாத்து அவன் வண்டிக்குப் பெட்ரோல் இருக்காது. அதனால சொல்றேன், அது வுழுந்த அன்னிக்கே 500-அ தபாலாபீஸு ஆர்.டி.யில போட்டுடு. அஞ்சு வருஷத்துல நீ கட்டறது 30,000, இப்ப இருக்கற வட்டிக்கு வர்றது 35,683. அந்த 5,683-ல ஒண்ணும் மச்சு வூடு கட்ட முடியாது, தெரியும். ஆனா அது தர்ற பெரிய லாபம் வட்டி இல்ல கண்ணு. "அண்ணா, பணம் தபாலாபீஸுல மாட்டிக்கிச்சு, அஞ்சு வருஷம் கை வெக்க முடியாது"ன்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு சொல்லலாம் பாரு, அதான். புருஷன் இருக்கறவ "அவரக் கேட்டுச் சொல்றேன்"னு தப்பிச்சுக்குவா. உனக்குக் கேட்டுச் சொல்ல ஆளு இல்ல, போஸ்ட் மாஸ்டர் இருக்காரு. ஒரு வருஷம் கட்டினா பாதிப் பணத்தக் கடனா எடுக்கலாம், மூணு வருஷம் போனா முடிச்சே எடுத்துடலாம். அத்த அண்ணங்கிட்ட சொல்லித் தொலைக்காத.

வட்டி கம்மியா இருக்குதேன்னு எவனாவது சொல்லிக்கினு வருவான். 2022-ல ஆருத்ரான்னு ஒரு கம்பெனி மாசத்துக்கே நூத்துக்கு 25, 30 வட்டின்னு சொல்லிச்சு. ஒரு லட்சம் பேருகிட்ட 2,438 கோடி வசூல் பண்ணினாங்கன்னு போலீசு கணக்கு சொல்லுது. கட்டினவங்கள்ல படிச்சவங்க எத்தினியோ பேரு. நான் கைநாட்டு. நூறு ரூவா மாசம் முப்பது குட்டி போடும்னா அத்தப் பெத்தவனே வூட்ல வெச்சுக்குவானே, என்கிட்ட எதுக்குக் கொண்டாறான்னு தோணிச்சு, அவ்ளோதான்.

இப்ப நீ கோவிச்சுக்கப் போற சமாச்சாரம். ஓடிப் போனவன்கிட்ட ஜீவனாம்சம் கேளுன்னா, "அவன் காசு எனக்கு வேணாம்"னு மானம் பேசறே. உனக்கு வேணாம், ஒத்துக்கறேன். புள்ளைங்களுக்கு வேணாம்னு சொல்ல நீ யாரு? அது அவங்க காசு. வக்கீலுக்குக் குடுக்கத் துட்டு இல்லன்னு சொல்லாத. கோர்ட்டுல சட்டப் பணிகள் குழுன்னு ஒண்ணு இருக்குது, பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்ளோன்னு கூடப் பாக்காம சும்மா வக்கீல் வெச்சுத் தருவாங்க, 1987-ல வந்த சட்டம். தெருமுனையில அவன ஏசறதுக்கு மட்டும் தெனம் அரை மணி செலவு பண்றே. அதுல ஒரு நாளு போயி மனு எழுதிக் குடுத்துட்டு வா. ஏசறத அப்புறமும் ஏசிக்கலாம்.

உன் கூடப் படிச்சவ ஒருத்தி, புருஷன் செத்து, சொர்ணவாரி நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போயி வயித்தக் கழுவறாளே, அவகிட்ட ஒரு சேதி சொல்லு. அப்பன் செத்தாலும் வுட்டுட்டுப் போனாலும், கிராமத்துல வருஷ வருமானம் 72,000-க்குள்ள இருந்தா, புள்ள படிப்புக்கு மாசம் 4,000 தர்ற நிதி ஆதரவுத் திட்டம் இருக்குது, மிஷன் வாத்சல்யான்னு பேரு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுல மனு குடுக்கணும். உன் சம்பளத்துக்கு அது வராது. பாத்தியா, நீ பணக்காரின்னு சர்க்காரே சொல்லுது.

கடைசியா ஒண்ணு. தபாலாபீஸுல பொண்ணு பேருல தொடங்கற செல்வமகள் கணக்கு. வட்டி இப்ப நூத்துக்கு 8.2, ஆர்.டி.ய விட அதிகம். வருஷத்துக்கு 250 ரூவா கட்டினாக் கூடப் போதும். பதினஞ்சு வருஷம் கட்டணும், இருபத்தொண்ணாம் வருஷம் முடியும். பதினெட்டு ஆனதும் படிப்புக்குப் பாதி எடுத்துக்கலாம். உங்க அண்ணனால தொட முடியாது. அம்மா கையெழுத்தே போதும், அப்பன் எங்கன்னு அந்த பாரத்துல எவனும் மொறைச்சுக் கேக்க மாட்டான். ஆனா புள்ளைக்குப் பத்து வயசு முடியறதுக்குள்ள தொடங்கணும். உன் பொண்ணுக்கு ஒம்போது ஆயிடுச்சு. அடுத்த பொறந்த நாளைக்குக் கேக்கு வெட்டற அன்னிக்கி இந்தக் கதவு சாத்திடும்.

பொண்ணோட பொறப்புச் சான்று, உன் ஆதாரு, பான் கார்டு, ரெண்டு போட்டோ, 250 ரூவா எடுத்துக்க. சனிக்கிழமையும் தபாலாபீஸு தொறந்திருக்கும். அண்ணன் வண்டியில போவாத, டவுன் பஸ்ல போ.