நீக்கல் நிபுணர்

சொந்தபந்தம் உள்ள எந்தக் குடும்பத்திலும் நீக்கல் நிபுணர் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் அக்கா மகன். சில வீடுகளில் வங்கியில் வேலை பார்க்கும் மாமா. "சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்கு" என்று யார் வாயிலாவது வந்துவிட்டால் போதும், இலையில் பாயசம் விழும் நேரத்திலும் எழுந்து போய்விடுவார். மவுஸைத் தொடும் முன் திரையின் வலது கீழ் மூலையைப் பார்ப்பார். கடிகாரத்தை ஒட்டி வரிசைகட்டி நிற்கும் குட்டிப் படங்களை எண்ணி, "ச்சு" கொட்டுவார். "யாரு சித்தி இதையெல்லாம் போட்டது?" "நெட் குடுக்க வந்தவன் போட்டுட்டுப் போனான்டா." அந்தப் பதிலில் அவர் முகம் மலர்ந்துவிடும். குற்றவாளி கிடைத்தாயிற்று, இனி கன்ட்ரோல் பேனலைத் திறந்து அவன் போட்டதையெல்லாம் நீக்க வேண்டியதுதான் பாக்கி.

இவரைக் கேலி செய்வது சுலபம், ஆனால் வழக்கில் பாதி நியாயம் இவர் பக்கம்தான். பிராட்பேண்ட் இணைப்புக்குத் தேவையான PPPoE வசதி 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியிலேயே இருந்தது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் வேலை முடிந்தது. அப்படியிருந்தும் இணைப்பு தந்த நிறுவனங்கள் கொடுத்த சிடியில் டூல்பார் வந்தது, புது முகப்புப் பக்கம் வந்தது, உதவி செய்வதாகச் சொல்லி ஒரு ஐகான் வந்தது. பிரவுசரின் நெற்றியில் 'இன்னார் வழங்கும்' என்று அன்னதான மண்டபப் பலகைபோல் பெயர் பொறித்த நிறுவனங்களும் உண்டு. அப்படிப் பொறிப்பதற்கான கருவியை மைக்ரோசாஃப்டே தந்திருந்தது. இணைய இணைப்பு வழங்கி வந்த அமெரிக்காவின் ஏஓஎல், தன் 9.0 மென்பொருளை இலவசமாகக் கொடுத்தது. அது தீய மென்பொருள்போல் நடந்துகொள்கிறது என்று 2006 ஆகஸ்டில் ஸ்டாப்பேட்வேர் என்ற அமைப்பு குற்றம் சாட்டியது. அந்த அமைப்புக்குப் பின்னால் இருந்தவை ஹார்வர்டு, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மையங்கள். சரியாகச் சொல்லாமல் கூடுதல் சரக்கை இறக்குகிறது, நீக்கினாலும் முழுதாகப் போவதில்லை என்பவை குற்றச்சாட்டுகளில் சில. ஆக, பேராசிரியர்கள் அறிக்கையில் எழுதியதைத்தான் அக்கா மகன் "ச்சு" என்று சுருக்கமாகச் சொல்கிறார்.

நம் ஊரில் இவருடைய பொற்காலம் டேட்டா கார்டு காலம். கணினிக்கு மொபைல் இணையம் தந்த, கட்டைவிரல் அளவிலான அந்த டாங்கிளைச் செருகியதும் பல மாடல்கள் முதலில் தம்மை ஒரு சிடி டிரைவ் என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும். மென்பொருளை இறக்கிய பிறகுதான் மோடமாக மாறும். பென்டிரைவ்கள் தாமாக இயங்குவதை மைக்ரோசாஃப்ட் 2011 பிப்ரவரியில் பழைய விண்டோஸ்களிலும் தடுத்தது, ஆனால் சிடிகளுக்கு விலக்கு கொடுத்தது. டாங்கிளின் வேடம் அங்கே செல்லுபடியானது. வேக முள், வண்ணப் பொத்தான், எஸ்எம்எஸ் பெட்டி என்று அந்த மென்பொருள் காட்டிய ஆடம்பரத்துக்கு அடியில் நடந்தது ஒரு டயல்தான்: ஜிஎஸ்எம் வகை என்றால் *99#, சிடிஎம்ஏ வகை என்றால் #777. நிபுணருக்கு இது தெரியும். தெரியும் என்ற தெம்பில் மென்பொருளை நீக்கும்போது அதோடு டிரைவரையும் நீக்கிவிடுவார். இணையம் நின்றுவிடும். டிரைவரை இணையத்திலிருந்து இறக்கலாம், ஆனால் அதற்கு இணையம் வேண்டும். கடைசியில் டாங்கிளைப் பிடுங்கி மறுபடி செருகுவார். நீக்கியதெல்லாம் மேளதாளத்தோடு திரும்பி வரும். "இப்ப கிளீனா இருக்கு சித்தி" என்பார்.

இதுவரை அவர் செய்ததில் பெரிய பாவம் இல்லை. பாவம் அடுத்த அரைமணியில் நடக்கிறது. காலியான இடத்தைப் பார்த்ததும் அவருக்குக் கை அரிக்கும். தனக்குப் பிடித்த பிரவுசர், முப்பது நாள் ஆன்டிவைரஸ், டிரைவர் அப்டேட்டர், ஊரிலிருந்தே பார்த்துக்கொள்ள ஒரு ரிமோட் மென்பொருள், எல்லாவற்றுக்கும் மேல் ஒரு துப்புரவு மென்பொருள் என்று வரிசையாக இறங்கும். வீட்டுக்காரரைக் கேட்காமல் போட்டது நிறுவனத்தின் குற்றம் என்றால், இவரும் கேட்கவில்லை. 2017இல் துப்புரவாளர்களின் குலதெய்வமான சிகிளீனரின் 5.33 பதிப்புக்குள்ளேயே யாரோ நஞ்சைக் கலந்து, அது 22 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. விளக்குமாற்றோடு தேள் வந்த கதை. ஆகவே நீக்கல் நிபுணர் கணினியைச் சுத்தம் செய்வதில்லை, ஆதிக்கத்தைக் கைமாற்றுகிறார் என்பதே என் வாதம்.

"அவர் அன்பால் செய்கிறார், காசா வாங்குகிறார்?" என்று கேட்கலாம். நிறுவனமும் அந்த உதவி ஐகானுக்குத் தனிக் காசு வாங்கவில்லை. "சித்திக்கு இதெல்லாம் புரியுமா?" என்பது அடுத்த கேள்வி. ரேஷன் கடைத் தராசிலிருந்து சீட்டுக் கணக்குவரை புரிந்துகொண்டவருக்கு, நிறுவப்பட்ட புரோகிராம்களின் பட்டியலைப் படித்து 'இது எனக்கு வேண்டுமா?' என்று கேட்கவா தெரியாது? "எதை எடுத்தால் எது நிற்கும் என்று சித்திக்கு எப்படித் தெரியும்?" என்றால், அது நியாயமான கேள்வி, டிரைவர் விஷயத்தில் அக்கா மகனுக்கே தெரியவில்லையே. அதற்குத்தான் நிபுணர் வேண்டும்: பட்டியலைத் திறந்து வைத்து, எது எதற்கு என்று சொல்லி, மவுஸைச் சித்தியின் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார. அவர் அப்படிச் செய்தால் அடுத்த மாதம் யாரும் அழைக்க மாட்டார்கள், பாயசம் ஆறுவதற்குள் குடித்துவிடலாம். இவ்வளவு லாபம் இருந்தும் அவர் மவுஸை விடாமல் பிடித்திருப்பதால்தான், நிறுவனத்தையும் இவரையும் ஒரே பட்டியலில் சேர்க்கிறேன்.