இல்லாத வேலைக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்:
மேன்மைதங்கிய ஒன்ராறியோ வேலைத்தலப் பாதுகாப்பு, காப்புறுதிச் சபையார்,
200 புரொன்ட் வீதி மேற்கு, ரொறன்ரோ.
(அங்கே இல்லாவிட்டால் லண்டனுக்குத் திருப்பி அனுப்பவும்.)

கருணைக் கடலே, கணக்கில் புலியே,

தங்கள் வசம் ஒரு வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டு எழுதுகிறேன். அந்த வேலைக்கு முதலாளி இல்லை. கட்டடம் இல்லை. விடிய ஐந்து மணிக்கு மார்க்கம் வீதியில் பனிக்குள் பஸ்ஸுக்கு நிற்கவேண்டிய அவசியமும் இல்லை. சம்பளம் மட்டும் உண்டு. அந்தச் சம்பளமும் கைக்கு வராதாம். கைக்கு வரவேண்டிய நட்டஈட்டிலிருந்து கழிபடுமாம். இல்லாத வேலையைப் படைத்து, அதற்குச் சம்பளமும் நிர்ணயித்து, அதை வாங்கியதாகக் கணக்கும் எழுதுவதென்றால் அது பிரம்மாவுக்கே வராத கலை. தங்களுக்கு அதை வேலைத்தலப் பாதுகாப்பு, காப்புறுதிச் சட்டத்தின் 43ஆம் பிரிவு அருளியிருக்கிறது.

என் கோப்பு இன்னும் அந்தப் பேற்றை அடையவில்லை. ஆனாலும் நல்ல இடங்கள் கெதியாக நிரம்பிவிடும் என்பது வந்தேறிய எவனுக்கும் தெரியும். ஆகவே முந்திக்கொள்கிறேன்.

என் தகுதி: தற்போது நான் பார்க்கும் உத்தியோகம், இல்லாத வேலைக்கு அடுத்த வீடு. ஏஜென்சி மூலம் ஒரு வெயர்ஹவுஸில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தேன். பெயர் வேண்டாம், எல்லாருக்கும் வயிறு இருக்கிறது. பலெட் ஜாக்கை இழுத்தபோது இடது தோளுக்குள் ஏதோ அறுந்தது. ஆறாம் இலக்கப் படிவத்தை நானும், ஏழாம் இலக்கத்தை ஏஜென்சியும், எட்டாம் இலக்கத்தை டொக்டரும் நிரப்பினோம். தோளுக்கு மேலே தூக்கக்கூடாது, ஏணி ஏறக்கூடாது, கதிரையில் இருக்கலாம் என்று டொக்டர் கட்டம் கட்டமாகச் சரி போட்டுக் கொடுத்தார். வெயர்ஹவுஸ்காரருக்கு அதில் பிடித்தது கதிரை. சாப்பாட்டறையில் ஒன்றைப் போட்டு, ‘லைட் டியூட்டி’ என்று என்னை இருத்திவிட்டார்கள்.

எனக்கு நேர் எதிரே சுவரில் ஒரு பச்சைப் பலகை. ‘விபத்தினால் ஒரு வேலைநாளும் இழக்காமல் இத்தனை நாட்கள்’ என்று எழுதி, கீழே கொளுவியில் இலக்கத் தகடுகள். ஒவ்வொரு காலையும் அந்த இலக்கத்தை ஒன்றால் கூட்டுவதுதான் என் உத்தியோகம். வலது கையால்.

இலக்கம் முந்நூறைத் தாண்டிவிட்டது. என் தோள் அறுந்த நாளும் அந்த முந்நூறுக்குள்தான் கிடக்கிறது. ஏனென்றால் நான் ஏஜென்சி ஆள்; என் தோள் ஏஜென்சியின் கணக்கு. போதாக்குறைக்கு, நான் கதிரையில் குந்தியிருக்கும்வரை வேலைநாள் எதுவும் இழக்கப்படவும் இல்லை. அடிபட்டவனையே கூப்பிட்டு, அடிபடவில்லை என்று தினமும் கையொப்பம் வைக்கச் சொல்வது எவ்வளவு சிக்கனமான நிர்வாகம்!

போன கிழமை அந்த இலக்கத்துக்கு விழா. மேசை நிறையப் பீட்சா. மேலாளர் பேசினார். இது பாதுகாப்பான இடம், அதனால்தான் சபையே எங்களுக்குக் காசு திருப்பித் தந்தது என்றார். கைதட்டினார்கள், நானும் ஒரு கையால் தொடையில் தட்டினேன். பீட்சாவுக்கு எழும்பியபோது எங்கள் ஊர்ப் பெடியன், அங்கே சூப்பர்வைசர், காதுக்குள் வந்து சொன்னான்: “அண்ணை, குறை நினையாதேங்கோ, ஏஜென்சி ஆக்களின்ரை பேர் லிஸ்டிலை இல்லை. அந்த இலக்கத்தை மட்டும் ஒருக்கா நேராக்கி விடுங்கோ, படம் எடுக்கப் போயினம்.”

நேராக்கினேன். படத்தில் நான் இல்லை. பலகை நன்றாக விழுந்திருக்கிறது.

ஆகவே தாங்கள் திருப்பிக் கொடுத்த அந்தக் காசைப் பற்றி இரண்டு வார்த்தை வாழ்த்திவிட்டு வேலை விஷயத்துக்கு வருகிறேன். 2025இல் மட்டும் இரண்டு தவணையாக நான்கு பில்லியன் டொலர் ‘பாதுகாப்பான முதலாளி’களுக்குத் திரும்பிப் போக ஏற்பாடானது. 2022இலும் ஒரு பில்லியனுக்கு மேலே போனது. கையிருப்பு கடப்பாடுகளின் 115 வீதத்தைத் தாண்டினால் கொடுக்கலாம், 125ஐத் தொட்டால் கொடுத்தே தீரவேண்டும் என்று 2021இல் சட்டமே செய்தாகிவிட்டது. சம்பளப் பட்டியலின் நூறு டொலருக்கு 2016இல் சராசரியாக 2 டொலர் 59 சதமாக இருந்த கட்டணம் 2025இல் 1 டொலர் 25 சதம். பொக்சிங் டேக்குக்கூட கடைக்காரர் இவ்வளவு இறங்கமாட்டார்கள்.

இத்தனைக்கும் 2011இல் தங்கள் கணக்கில் 14.2 பில்லியன் பள்ளம் இருந்தது. 2018இல் மூடிவிட்டோம் என்று அறிவித்தீர்கள். முதலாளிமார் அப்போது கூடுதலாகக் கட்டினார்கள், பங்குச் சந்தையும் கைகொடுத்தது, இல்லையென்று சொல்லவில்லை. அந்தப் பள்ளத்துக்குள் வேறு என்னென்ன கிடக்கிறது என்பதைக் கிண்டிப் பார்க்கும் வயது எனக்கில்லை. ஆனால் ஒன்று. நட்டஈடு போதாமல், வாடகை கட்டமுடியாமல் மகளின் பேஸ்மென்டுக்குப் போன மனிதர்கள் ஸ்காபரோவில் எத்தனை பேர் என்று அறிந்த ஒருவன், முதலாளிமாருக்குத் திருப்பிக் கொடுத்ததை ‘மிச்சக் காசு’ என்று சொன்னால் நாக்கு அழுகும். மிச்சம் பிடித்த காசு வேறு, கொடுக்காமல் விட்ட காசு வேறு.

மன்னிக்கவும். தோள் வலி சில நேரம் வாய்க்கு ஏறிவிடுகிறது. விண்ணப்பத்துக்கு வருகிறேன்.

இல்லாத வேலையின் சம்பள முறையை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பாருங்கள். அடிபடுமுன் ஒருவர் மணிக்கு 25 டொலர் உழைத்தார். இனி அந்த வேலை செய்ய உடம்பு விடாது. ஆனால் கதிரையில் இருந்து செய்யும் ஏதோவொரு வேலை அவருக்குப் பொருந்தும் என்று சபை தீர்மானிக்கிறது. அதற்கு 17 டொலர் 60 சதம், அதாவது 2025 ஒக்டோபரில் வந்த ஆகக் குறைந்த சம்பளம், என்று வையுங்கள். அந்த வேலையில் அவர் இருக்கிறாரோ இல்லையோ, 17.60ஐ உழைத்துவிட்டார் என்றே கணக்கு. மீதி ஏழு டொலர் சொச்சத்துக்குத்தான் நட்டஈடு, அதிலும் முழுதாக இல்லை. வேலை பொருத்தமானதாகவும் கிடைக்கக்கூடியதாகவும் இருக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கிடைத்திருக்கவேண்டும் என்று சொல்லவில்லை. ஐம்பத்தாறு வயதில், அரைகுறை ஆங்கிலத்தில், ஒரு தோளோடு போய் நின்றால் யார் கூப்பிடுவார்கள் என்ற கேள்வியெல்லாம் இருக்கிற வேலைக்குத்தான். இல்லாத வேலையில் வயது, நிறம், உச்சரிப்பு எதையும் யாரும் பார்ப்பதில்லை. கனடாவிலேயே பாகுபாடில்லாத ஒரே வேலைத்தலம் அதுதான்.

அடிபட்டோர் கூட்டங்களில் இதற்கு வழக்கமாகச் சொல்லும் உதாரணம் கார் தரிப்பிடக் காவலர். ரொறன்ரோவில் தரிப்பிடங்களில் காசு வாங்குவது இப்போது இயந்திரம். அதனாலென்ன? இல்லாத தரிப்பிடத்தில் இயந்திரமும் இல்லை.

தூரமும் தடையில்லை என்பதையும் அறிந்து புல்லரித்தேன். ஒன்ராறியோப் பண்ணைகளில் அடிபட்டுத் திரும்பிப்போன யமேய்க்காத் தொழிலாளர் நால்வர், தங்கள் ஊரில் இருந்தபடியே ஒன்ராறியோவின் தொழிற்சந்தையில் உழைக்கக்கூடியவர்கள் என்று கணிக்கப்பட்டார்கள். விசா இல்லை, விமானச் சீட்டு இல்லை, ஆனால் வேலை மட்டும் இங்கே. 2023 செப்டெம்பரில் மேன்முறையீட்டு நியாயசபை அது பிழை என்று தீர்த்துவிட்டது. ரசனை இல்லாத நியாயசபை.

எங்கள் இலங்கையிலும் நட்டஈட்டுச் சட்டம் உண்டு. 1934ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், இலக்கம் 19. அதன் பின்னால் ஓர் அட்டவணை: இந்த விரல் போனால் உழைக்கும் திறனில் இத்தனை வீதம், அந்தக் கண் போனால் இத்தனை வீதம். கசாப்புக்கடை விலைப்பட்டியல் மாதிரிக் கொடூரமானதுதான். ஆனால் அங்கே கணக்குப் பார்க்கப்பட்டது இருந்து போன விரலுக்கு. இல்லாத ஒன்றுக்குக் கணக்குப் பார்க்கும் நாகரிகத்தை நான் கடல் தாண்டி வந்துதான் கற்றேன்.

சேர் வில்லியம் மெரடித் என்ற பிரதம நீதியரசர் 1913இல் எழுதிய அறிக்கையின் மேலேதான் தாங்கள் நூறு வருடத்துக்கு மேலாக வீற்றிருக்கிறீர்கள். தொழிலாளி இனி முதலாளி மேல் வழக்குப் போடமாட்டான். பதிலாக, யார் பிழை என்று கேட்காமல், உடற்குறை இருக்கும்வரை அவனுக்கு நட்டஈடு. பணம் முழுவதும் முதலாளிமாரிடமிருந்து. 1914இல் சட்டமானது, 1915 தை முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. நாங்கள் கொடுத்தது கொடுத்ததுதான். என்னால் இன்றைக்கும் அந்த வெயர்ஹவுஸ் மேல் வழக்குப் போடமுடியாது. எங்களுக்குத் தந்ததோ துவைத்த சட்டைபோலச் சுருங்குகிறது. 90 வீதமாக இருந்ததை 1997ஆம் ஆண்டுச் சட்டம் 85 ஆக்கியது. வேய்ன் கேட்ஸ் என்ற மாகாண உறுப்பினர், இல்லாத வேலையை ஒழிக்க 2019இல் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. 1983 ஜூன் 1ஆம் திகதி அடிபட்டவர்கள் ஆயிரக்கணக்கில் மாகாணச் சட்டசபை இருக்கும் குவீன்ஸ் பார்க்கில் திரண்டார்கள். இன்றும் வருடா வருடம் அதே நாளில் ஊன்றுகோலோடு போகிறார்கள். பாவம், இருக்கிற படிகளில் ஏறி, இருக்கிற கட்டடத்துக்கு முன்னால் நிற்கிறார்கள். முகவரி பிழை.

‘பாதுகாப்பான முதலாளி’ பற்றி இன்னும் ஒன்று. நோர்த் யோர்க்கில் பியேரா பூட்ஸ் என்ற பெரிய வெதுப்பகம். 2016 செப்டெம்பரில் அங்கே ஏஜென்சி அனுப்பிய 23 வயதுப் பெண், அகதியாக வந்தவள், இயந்திரத்தில் ஹிஜாப் சிக்கி இறந்தாள். தண்டம் மூன்று இலட்சம் டொலர். ரொறன்ரோ ஸ்டார் நிருபர் தானே அங்கே கூலியாகப் போய் வேலைபார்த்து 2017இல் எழுதினார், ஊர் முழுக்க வாசித்தது. அதற்குப் பிறகும் அங்கே ஏஜென்சி ஆள் செத்தது. ஆபத்தான வேலையை ஏஜென்சி ஆளிடம் கொடுத்தால் அடிபட்ட கணக்கு ஏஜென்சியின் தலையில் விழும், பக்டரியின் கணக்கு வெள்ளையாகவே இருக்கும். இது எல்லாருக்கும் தெரியும். அமைச்சருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், ஒவ்வொரு மனேஜருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே பலகையில் இலக்கம் கூட்டுகிறீர்கள். வெட்கமாயில்லையா?

...என்று சிலர் கேட்பார்கள். நான் கேட்கவில்லை, நான் விண்ணப்பதாரி.

தங்கள் ஊழியர்களின் நலனிலும் எனக்கு அக்கறை உண்டு. 2025 மே மாதம் சுமார் 3,600 பேர், சபையின் வரலாற்றிலேயே முதன்முறையாக, வேலைநிறுத்தம் செய்தார்கள். வேலைப்பளு தாங்கமுடியவில்லை, உடம்பும் மனமும் கெடுகிறது என்றார்கள். நான் அவர்கள் பக்கம். கோப்புக்கு ஒரு மனிதன் என்று பார்த்தால் அந்த மேசையிலும் யாருக்கோ தோள் அறுகிறது. ஆனால் மருந்து தங்கள் கையிலேயே இருந்ததே! அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு இல்லாத வேலை கொடுத்திருந்தால், பளு என்ற பேச்சுக்கே இடமிராது.

கடைசியாகச் சில விபரங்கள் தேவை. நேர்முகப் பரீட்சை எங்கே? தலைமையகம் லண்டனுக்குப் போகிறது என்று 2022இல் அறிவித்தார்கள். வீட்டில் சொன்னதும் மனைவி, “தங்கச்சி வீட்டிலை நிக்கலாம், ஈஸ்ட்ஹாமிலை இருந்து கிட்டவோ?” என்று பாஸ்போர்ட் தேடத் தொடங்கிவிட்டாள். 401 நெடுஞ்சாலையில் இரண்டு மணித்தியாலம் மேற்கே இருக்கிற லண்டன் என்று விளக்கியபோது அவளுடைய முகம் விழுந்ததைத் தாங்கள் பார்த்திருக்கவேண்டும். இல்லாத வேலைக்கு நேர்முகமும் இல்லாததாகவே இருந்தால் பெற்றோல் மிச்சம்.

அடுத்தது, ஓவர்டைம் உண்டா? நான் செய்யாத ஓவர்டைமையும் உழைத்ததாகக் கழிப்பீர்களா, அல்லது அதற்குத் தனியாக விண்ணப்பிக்கவேண்டுமா? நத்தார் விருந்து உண்டானால் ஏஜென்சி ஆட்களின் பெயர் லிஸ்டில் இருக்குமா?

முக்கியமான சந்தேகம் இது. எனக்குக் கால் கொஞ்சம் தடுக்கும். அந்த இல்லாத தரிப்பிடத்தில் இல்லாத பனியில் வழுக்கி, இருக்கிற வலது தோளும் போய்விட்டால், ஏழாம் இலக்கப் படிவத்தை யார் நிரப்புவது? முதலாளி மூன்று வேலைநாட்களுக்குள் அனுப்பவேண்டும் என்பது தங்கள் விதி. பிந்தினால் தண்டம் வேறு. ஆகையால் அந்த முதலாளியின் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம் மூன்றையும் நியமனக் கடிதத்தோடு தயவுசெய்து அனுப்பிவைக்கவும்.

தங்கள் கீழ்ப்படிவுள்ள,
இலக்கம் மாற்றுபவர் (லைட் டியூட்டி),
ஸ்காபரோ.